26 வயதில் போன ஓடிஸ் ரெடிங் விட்டுச்சென்றது என்ன?

ஒருவர் கேட்டிருந்த கேள்வியின் சுருக்கம் இது: "'டாக் ஆஃப் தி பே' எனக்கு ரொம்பப் பிடித்த பாட்டு. ஆனால் ஓடிஸ் ரெடிங்கை, அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையில் பெரிய மலை மாதிரி ஏன் சொல்கிறார்கள் என்று புரியவில்லை. மொத்தம் ஐந்து வருடம்தான் பாடியிருக்கிறார். உயிரோடு இருந்தபோது பெரிய ஹிட் எதுவும் இல்லை. விமான விபத்தில் சின்ன வயதிலேயே செத்துப்போனதால் வந்த புகழா இது? வேறு என்ன கேட்கலாம்?"

பட்டியல் கணக்கை வைத்துப் பார்த்தால் கேட்டவர் சொல்வது சரிதான். ஓடிஸ் உயிரோடிருந்தபோது அமெரிக்க பாப் பட்டியலில் அவர் தொட்ட அதிகபட்ச இடம் 21, அதுவும் 1965இல் வந்த 'ஐ ஹேவ் பீன் லவிங் யூ டூ லாங்' பாட்டுக்கு. கறுப்பின மக்களுக்கான ஆர் அண்ட் பி பட்டியலில் நன்றாகவே ஏறினார், ஆனால் அங்கேயும் முதலிடம் கிடைக்கவில்லை. அதே வருடங்களில் டெட்ராய்ட்டில் மோடவுன் கம்பெனி வரிசையாக நம்பர் ஒன் பாட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தது. ஓடிஸ் இறந்தது 1967 டிசம்பர் 10. 'டாக் ஆஃப் தி பே' வெளியானது 1968 ஜனவரி 8. மார்ச்சில் அது முதலிடம் பிடித்து நான்கு வாரம் அங்கேயே உட்கார்ந்திருந்தது. பாடியவர் இறந்த பிறகு அமெரிக்காவில் நம்பர் ஒன் ஆன முதல் பாட்டு அதுதான். ஆகவே சந்தேகம் வருவதில் தப்பே இல்லை.

விபத்து அவருடைய பெயரைப் பெரிதாக்கியது உண்மை. ஆனால் கூடவே ஒரு குளறுபடியும் செய்துவிட்டது. அவர் பாடியவற்றிலேயே அவரைப் போல இல்லாத ஒரு பாட்டை அவருடைய முகவரியாக்கிவிட்டது. அந்தப் பாட்டை மட்டும் கேட்டவர்களுக்கு ஓடிஸ் என்றால் கடற்கரையில் கால் நீட்டி உட்கார்ந்து சீட்டியடிக்கும் மனிதர். மற்ற பாட்டுகளைக் கேட்டால்தான் அந்த ஆள் தொண்டையை வைத்துக்கொண்டு ஒரு முழு வாத்தியக் குழுவையே நடத்தினவர் என்று தெரியும். என்னைக் கேட்டால் அவர் விட்டுப்போனதில் முக்கியமானது அந்தக் குழுவை நடத்திய விதம்தான். குரல் அதற்குள் ஒரு பகுதி.

ஊர்க் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜியா மாநிலம் டாசன் என்ற சிற்றூரில் 1941 செப்டம்பர் 9 அன்று பிறந்தவர். குடும்பம் சீக்கிரமே அதே மாநிலத்தில் உள்ள மேக்கன் நகருக்கு வந்துவிட்டது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் 15 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கிணறு வெட்டும் வேலை, பெட்ரோல் பங்க் வேலை என்று கிடைத்ததைச் செய்தார். சர்ச்சில் பாடிய பழக்கம் உண்டு. மேக்கன் சாதாரண ஊர் இல்லை, ராக் அண்ட் ரோல் பாடகர் லிட்டில் ரிச்சர்டும் அங்கிருந்து வந்தவர்தான். ஓடிஸின் ஆரம்பகால ரெக்கார்டுகளைக் கேட்டால் அப்படியே லிட்டில் ரிச்சர்ட் மாதிரி கத்துவார். நல்ல நகல், அவ்வளவுதான். டக்ளஸ் தியேட்டரில் நடந்த பாட்டுப் போட்டியில் 15 வாரம் தொடர்ந்து ஜெயித்தார் என்பது மேக்கனில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

அப்புறம் 1962. ஜானி ஜென்கின்ஸ் என்ற கிதார் கலைஞரின் குழுவில் ஓடிஸ் பாடிக்கொண்டிருந்தார். ஜென்கின்ஸுக்கு மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் என்ற சின்ன கம்பெனியில் ரெக்கார்டிங் ஏற்பாடாகியிருந்தது. ஜென்கின்ஸிடம் டிரைவிங் லைசென்ஸ் இல்லை. அதனால் வண்டி ஓட்டிக்கொண்டு போனவர் ஓடிஸ். ஸ்டூடியோவில் இருந்தவர்கள் அவரை டிரைவர் என்றே நினைத்தார்கள், மைக், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஜென்கின்ஸின் ரெக்கார்டிங் சரியாக அமையவில்லை. மிச்சமிருந்த முக்கால் மணி நேரத்துக்கும் குறைவான நேரத்தில் இந்தப் பையனையும் ஒரு தரம் கேட்டுவிடலாமே என்று விட்டார்கள். பியானோ வாசிப்பவர் அந்த நேரத்தில் இல்லாததால் கிதார் வாசிக்கும் ஸ்டீவ் க்ராப்பர் பியானோவில் உட்கார்ந்தார். சர்ச்சில் வாசிக்கிற மாதிரி வாசியுங்கள் என்று ஓடிஸ் சொல்ல, க்ராப்பர் மூன்று மூன்றாகத் தட்ட ஆரம்பித்தார். 'தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்' அப்படிப் பிறந்தது. எட்டு லட்சத்துக்கும் மேல் விற்றது.

அந்தப் பாட்டைக் கேட்கும்போது முதல் சொல்லைக் கவனியுங்கள். வாத்தியம் எதுவும் கைகொடுக்கும் முன்பே குரல் வந்துவிடுகிறது, அதை இழுத்துப் பிடித்து நிறுத்துகிறார், பிறகுதான் பியானோ அடியெடுத்து வைக்கிறது. லிட்டில் ரிச்சர்ட் நகல் காணாமல் போய்விட்டது. குரல் கொஞ்சம் கரகரப்பு, சில இடங்களில் உடைகிறது. அதை மறைக்க அவர் எதுவும் செய்யவில்லை, உடைகிற இடத்திலேயே போய் நிற்கிறார்.

ஸ்டாக்ஸைப் பற்றிச் சொல்லாமல் ஓடிஸைப் பற்றிப் பேச முடியாது. ஜிம் ஸ்டூவர்ட் என்ற தம்பியும் எஸ்டெல் ஆக்ஸ்டன் என்ற அக்காவும் நடத்திய கம்பெனி அது. இருவருமே வங்கி வேலையில் இருந்தவர்கள், வெள்ளையர்கள். ரெக்கார்டிங் மிஷின் வாங்க எஸ்டெல் தன் வீட்டையே அடமானம் வைத்தார். ஸ்டூவர்ட், ஆக்ஸ்டன் என்ற இரண்டு குடும்பப் பெயர்களின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளையும் சேர்த்ததுதான் கம்பெனியின் பெயர். மெம்ஃபிஸ் மெக்லெமோர் அவென்யூவில், கறுப்பின மக்கள் குடியிருந்த பகுதியில், மூடிக்கிடந்த கேப்பிடல் என்ற சினிமா தியேட்டரை வாடகைக்குப் பிடித்து ஸ்டூடியோ ஆக்கினார்கள். பணம் இல்லாததால் தியேட்டரின் சரிவான தரையைச் சமப்படுத்தவில்லை. அப்படியே விட்டுவிட்டார்கள். முன்னால் தின்பண்டம் விற்ற இடத்தில் ரெக்கார்டு கடை போட்டார் எஸ்டெல். தெருவில் போகிற பையன்கள் கடைக்குள் வந்து எதைக் கேட்டு ஆடுகிறார்கள் என்பது பின்னால் ஸ்டூடியோவுக்கு உடனே தெரிந்துவிடும். அந்தப் பையன்களில் சிலர் பிறகு உள்ளே வந்து வாசித்தார்கள், பாட்டு எழுதினார்கள்.

உள்ளே நிரந்தரமாக வாசித்த குழு புக்கர் டி அண்ட் தி எம்ஜிஸ். ஆர்கனில் புக்கர் டி ஜோன்ஸ், டிரம்ஸில் அல் ஜாக்சன், இருவரும் கறுப்பர்கள். கிதாரில் க்ராப்பர், பாஸில் டக் டன், இருவரும் வெள்ளையர்கள். இனப் பிரிவினை சட்டமாகவே இருந்த மெம்ஃபிஸில் இந்த நால்வரும் வெளியே ஒரு ஹோட்டலில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதே சிக்கல். சரிவுத் தரையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிப்பார்கள், ஒரே நேரத்தில் பதிவாகும். பிறகு ஒட்டிச் சேர்ப்பது, திருத்துவது எல்லாம் ரொம்பக் குறைவு. தப்பு வந்தால் முதலிலிருந்து.

இந்த இடத்துக்கு ஓடிஸ் கொண்டுவந்தது என்ன? அந்தக் காலத்து சோல், பாப் பாட்டுகள் பெரும்பாலானவற்றில் பின்னால் ஒரு பெண்கள் கோரஸ் இருக்கும். ஓடிஸ் பாட்டுகளில் அது அனேகமாகக் கிடையாது. அந்த வேலையை டிரம்பெட்டும் சாக்ஸபோனும் செய்கின்றன. அவருக்கு ஸ்வரம் எழுதத் தெரியாது. அதனால் ஊதுபவர்கள் ஒவ்வொருவரிடமும் போய் நின்று, நீ இதை வாசி, நீ இதை வாசி என்று வாயாலேயே பாடிக்காட்டுவார். உடம்பையும் ஆட்டிக் காட்டுவார், எந்த இடத்தில் வெட்ட வேண்டும், எந்த இடத்தில் இழுக்க வேண்டும் என்பது அந்த ஆட்டத்தில் தெரிந்துவிடும். டிரம்பெட் வாசித்த வெய்ன் ஜாக்சன், சாக்ஸபோன் வாசித்த ஆண்ட்ரூ லவ் போன்றவர்களுக்கு ஓடிஸ் வருகிறார் என்றால் கொண்டாட்டம், கூடவே உதடு வீங்கும் வேலையும்தான், காரணம் அவர் கேட்கிற வரிகள் ஊதுகருவிக்கு வசதியான சுருதியில் இருக்காது. 1966இல் வந்த 'ஃபா ஃபா ஃபா' பாட்டைக் கேட்டால் இதை நேரடியாகவே பிடிக்கலாம்: ஊதுகிறவர்களுக்குப் பாடிக்காட்டும் அந்த அர்த்தமில்லாத அசைகளையே பாட்டின் பல்லவியாக வைத்துவிட்டார். அவர் பாட, அவர்கள் அதைத் திருப்பி ஊத, ஒரு ஒத்திகை அப்படியே பாட்டாகிவிட்டது.

இப்போது 'ட்ரை எ லிட்டில் டெண்டர்னஸ்'. எனக்கு ஒரே ஒரு பாட்டைக் காட்டித்தான் ஓடிஸைப் புரியவைக்க முடியும் என்றால் இதைத்தான் போடுவேன். இது அவர் பாட்டே இல்லை. 1932இல் எழுதப்பட்ட பழைய நடனக்கூடப் பாட்டு. பிங் க்ராஸ்பி போன்றவர்கள் பட்டுத்துணி மாதிரி பாடிவிட்டுப் போனது. 1966இல் ஸ்டாக்ஸில் பாட்டு எழுதிக்கொண்டிருந்த ஐசக் ஹேஸ் துணையோடு இதைப் பிரித்து மேய்ந்தார்கள்.

தொடக்கத்தில் ஊதுகருவிகள் மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு, துக்க வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி மெதுவாக வருகின்றன. ஓடிஸ் கிட்டத்தட்ட பேச்சுக்குரலில் ஆரம்பிக்கிறார். டிரம்ஸ் இல்லவே இல்லை. முதல் பகுதி முடிகிற இடத்தில் அல் ஜாக்சன் டிரம்மின் தோலைத் தொடாமல் விளிம்பில் மட்டும் குச்சியால் டிக் டிக் டிக் என்று தட்ட ஆரம்பிக்கிறார். பாட்டு இன்னும் மெதுவாகத்தான் போகிறது, ஆனால் அந்த டிக் டிக் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது. கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும், காலப்பிரமாணம் மாறாமலே உள்ளே கணக்கு இரட்டிக்கும் இடம் அது. அதன்பிறகு வேறு வழியில்லை, எப்போதோ ஓரிடத்தில் வெடித்தே ஆக வேண்டும் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது, ஆனால் ஓடிஸ் வெடிக்க மாட்டேன் என்கிறார். கிதார் வருகிறது. பியானோ வருகிறது. ஊதுகருவிகள் படி ஏறுகின்றன. குரல் இன்னும் கெஞ்சிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் அல் ஜாக்சன் முழு டிரம்ஸையும் திறந்துவிடும்போது பாட்டின் வார்த்தைகள் தீர்ந்துபோயிருக்கின்றன. ஓடிஸ் இப்போது வார்த்தையே இல்லாமல், திக்கித் திக்கி, வெறும் அசைகளை எறிகிறார், ஒவ்வொன்றும் டிரம்ஸ் மேல் போய் விழுகிறது. நான்கு நிமிடத்துக்குள் இத்தனையும்.

அவரைக் கத்துகிறவர் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அந்தக் கடைசி நிமிடத்தை மட்டும் கேட்டவர்கள். அந்தக் கத்தலுக்கு முன்னால் எவ்வளவு நேரம் அடக்கி வைத்திருக்கிறார் என்பதில்தான் ஆள் இருக்கிறார். 2011இல் ஜே-ஸீயும் கான்யே வெஸ்ட்டும் 'ஓடிஸ்' என்று பெயர் வைத்தே ஒரு ராப் பாட்டு போட்டார்கள், அதில் வெட்டியெடுத்து ஓடவிட்டது இந்தப் பாட்டைத்தான். அதற்கு கிராமியும் கிடைத்தது. பரவாயில்லை, நல்ல பாட்டுதான், ஆனால் மூலத்தில் இருக்கிற பொறுமை அதில் இல்லை.

ஆல்பமாகக் கேட்க வேண்டுமென்றால் 1965 செப்டம்பரில் வந்த 'ஓடிஸ் ப்ளூ'. ஜூலையில் 24 மணி நேரத்துக்குள் அதன் பெரும்பகுதி பதிவானது, நடுவில் வாத்தியக்காரர்கள் இரவு கிளப்புகளில் வாசிக்கப் போய்விட்டார்கள், அது அவர்கள் பிழைப்பு, நள்ளிரவு தாண்டித் திரும்பி வந்து மிச்சத்தை முடித்தார்கள். அதில் மூன்று பாட்டு சாம் குக்குடையவை. சாம் குக் 1964 டிசம்பர் 11 அன்று லாஸ் ஏஞ்சலஸில் சுடப்பட்டு இறந்தவர், ஓடிஸ் ரொம்ப மதித்த பாடகர். குக் வெண்ணெய் மாதிரி பாடுவார்; அதே பாட்டுகளை ஓடிஸ் பாடும்போது எல்லா விளிம்புகளும் சொரசொரப்பாகிவிடும். 'எ சேஞ்ச் இஸ் கானா கம்' மட்டும் எனக்கு குக் பாடியதே மேல். அந்தப் பாட்டுக்குத் தேவையான நிதானம் அவரிடம்தான் இருந்தது, ஓடிஸ் அதைக் கொஞ்சம் அவசரப்பட்டு அழ வைத்துவிடுகிறார்.

அதே ஆல்பத்தில் லண்டன் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' இருக்கிறது. அந்தப் பாட்டு அப்போது புத்தம் புதுசு, ஓடிஸ் அதைக் கேட்டதே இல்லை. க்ராப்பர் முன்னாலிருந்த கடைக்குப் போய் ரெக்கார்டை எடுத்துவந்து, குழுவுக்குப் போட்டுக்காட்டி, வரிகளை எழுதிக் கொடுத்தார். அதைப் பார்த்து ஓடிஸ் தனக்குத் தோன்றியபடி பாடினார், தலைப்புச் சொல்லைக்கூடச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார், கவனித்தால் 'ஃபேஷன்' என்றுதான் கேட்கும். ஆனால் கிதார் வாசிக்கிற அந்தப் பிரசித்தமான வரியை இங்கே ஊதுகருவிகள் வாசிக்கின்றன. ஸ்டோன்ஸின் கிதார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் அந்த வரியை முதலில் யோசித்ததே ஊதுகருவிகளுக்காகத்தான். லண்டன்காரர்கள் கறுப்பின இசையைக் கேட்டு உருவாக்கியதை மெம்ஃபிஸ்காரர்கள் தங்கள் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள்.

'ரெஸ்பெக்ட்' பாட்டும் அந்த ஆல்பத்தில்தான். எழுதியவர் ஓடிஸ். அவர் பாட்டில் ஆண், சம்பாதித்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன், கொஞ்சம் மரியாதை கொடு என்று மனைவியிடம் கேட்கிறான். 1967இல் அரீதா ஃபிராங்க்ளின் அதை எடுத்து, பேசுகிற ஆளை மாற்றி, அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிச் சொல்லும் பகுதியைச் சேர்த்து, அக்காவையும் தங்கையையும் பின்னால் பாடவைத்து, கிங் கர்டிஸின் சாக்ஸபோனையும் நடுவில் புகுத்திவிட்டார். நம்பர் ஒன். இன்று அது அரீதாவின் பாட்டு, அதில் சந்தேகமே வேண்டாம். ஓடிஸுக்கும் அது தெரிந்திருந்தது, மேடையில் சிரித்துக்கொண்டே இந்தப் பாட்டை ஒரு பெண் என்னிடமிருந்து பறித்துக்கொண்டு போய்விட்டாள் என்று சொல்லிவிட்டுத்தான் பாடுவார். இதில் ஒரு வேடிக்கை உண்டு: அமெரிக்க வானொலி நிலையங்கள் பாட்டை எழுதியவருக்குத்தான் பணம் கொடுக்கும், பாடியவருக்குக் கொடுக்காது. அரீதாவின் குரல் வானொலியில் ஒலிக்கும் ஒவ்வொரு தடவையும் காசு ஓடிஸ் பக்கம்தான் போனது.

பணம் என்று வந்ததால் இதையும் சொல்கிறேன். பாடகர்களை ஏமாற்றிப் பிழைத்த கம்பெனிகள் நிறைந்த காலத்தில் ஓடிஸ் கணக்கு வழக்கில் கெட்டி. மேனேஜர் ஃபில் வால்டன் மேக்கனைச் சேர்ந்த வெள்ளைக்காரப் பையன், கிட்டத்தட்ட இவர் வயதுதான். இருவரும் சேர்ந்து பாட்டுகளின் உரிமையை வைத்திருக்க ஒரு பதிப்புக் கம்பெனி தொடங்கினார்கள். ஓடிஸ் தனியாக ஒரு சின்ன ரெக்கார்டு லேபிளும் நடத்தினார். மேக்கனுக்கு வெளியே 300 ஏக்கரில் பண்ணை வாங்கினார். ஆர்தர் கான்லி என்ற இளைஞரைக் கண்டுபிடித்து அவரை வைத்து 'ஸ்வீட் சோல் மியூசிக்' தயாரித்தார். அது பாப் பட்டியலில் 2ஆம் இடம் வரை போனது, ஓடிஸே உயிரோடிருந்தபோது தொடாத உயரம். ஓடிஸ் போனபிறகு வால்டன் அதே மேக்கனில் கேப்ரிகார்ன் ரெக்கார்ட்ஸ் தொடங்கி ஆல்மன் பிரதர்ஸ் என்ற ராக் குழுவை வளர்த்தெடுத்தார். அமெரிக்கத் தெற்குப் பகுதியின் ராக் இசைக்கும் ஓடிஸின் அலுவலகத்துக்கும் ஒரே வாசல் என்று சொன்னால் தப்பில்லை.

1967 அவருடைய வருடம். மார்ச், ஏப்ரலில் ஸ்டாக்ஸ் குழு முழுவதும் ஐரோப்பா போனது, சின்ன ஸ்டூடியோவில் வாசித்துக்கொண்டிருந்தவர்களை லண்டனிலும் பாரிஸிலும் நட்சத்திரங்கள் மாதிரி வரவேற்றார்கள். இங்கிலாந்தின் மெலடி மேக்கர் பத்திரிகை வாக்கெடுப்பில் அந்த வருடம் உலகின் சிறந்த ஆண் பாடகர் ஓடிஸ். அதற்கு முன் அந்த இடம் எல்விஸ் பிரெஸ்லியுடையது. ஜூன் 17 இரவு கலிஃபோர்னியாவின் மான்டரே பாப் விழா. எதிரே இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார ஹிப்பி இளைஞர்கள், ஸ்டாக்ஸ் பெயரைக்கூடக் கேட்டிராதவர்கள் பலர். நேரம் ஓடிவிட்டது, மழைத் தூறல், கூட்டம் கிளம்பலாமா என்று யோசிக்கிற நேரத்தில் பச்சை சூட்டில் வந்தார். ஐந்தே பாட்டு. 'ஷேக்'கில் ஆரம்பித்து 'டெண்டர்னஸ்'ஸில் முடித்தார். இயக்குநர் பென்னிபேக்கர் எடுத்த விழாப் படத்தில் இதைப் பார்க்கலாம். 'ஐ ஹேவ் பீன் லவிங் யூ டூ லாங்' பாடும்போது கேமரா அவருக்குப் பின்னாலிருந்து பிடிக்கிறது, விளக்கு நேராக லென்ஸில் அடிக்கிறது, தலை அசையும்போது ஒளி மறைந்து மறைந்து வருகிறது. அந்தப் பாட்டில் அவர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் குழுவை நிறுத்தி, மீண்டும் கிளப்புகிறார். குழு அவர் தோளைப் பார்த்து வாசிக்கிறது.

குறையே இல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். வேகமான பாட்டுகளில் ஒரே மாதிரியான 'காட்டா காட்டா' திக்கல் கொஞ்ச நேரத்தில் அலுத்துவிடும். பீட்டில்ஸின் 'டே ட்ரிப்பர்' எல்லாம் ஆல்பத்தில் இடத்தை நிரப்பப் போட்டது மாதிரிதான் எனக்குத் தெரிகிறது. ஸ்டாக்ஸ் பாடகி கார்லா தாமஸோடு பாடிய ஜோடி ஆல்பத்தில் 'டிராம்ப்' பிரமாதம், அவள் இவரை ஜார்ஜியாக் காட்டான் என்று கிண்டலடிக்க இவர் சமாளிக்கிற சமாளிப்புக்காகவே கேட்கலாம், மற்றவை பரவாயில்லை ரகம்.

இப்போது உங்களுக்குப் பிடித்த 'டாக் ஆஃப் தி பே'வுக்கு வருகிறேன். 1967 கோடையில் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் சாசலிட்டோவில் ஒரு படகு வீட்டில் தங்கியிருந்தபோது அதன் தொடக்க வரிகளை எழுதினார். அந்த நாட்களில் பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு தொண்டையில் வளர்ந்திருந்த கட்டிகளுக்கு அறுவை சிகிச்சை, பல வாரம் பேசவே கூடாது. குரல் திரும்பி வந்ததும் நவம்பர், டிசம்பரில் ஸ்டாக்ஸில் உட்கார்ந்து பாட்டு பாட்டாகப் பதிவு செய்து தள்ளினார்கள். அதில் ஒன்று இது, மிச்சத்தை க்ராப்பர் எழுதி முடித்தார்.

கிதாரோ கீபோர்டோ வாசிப்பவர்கள் இதை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஜி, பி, சி, ஏ என்று எல்லாமே மேஜர் கார்டுகள். மைனர் ஒன்றுகூடக் கிடையாது. ஓடிஸ் தன் கிதாரை அப்படித்தான் சுருதி சேர்த்து வைத்திருப்பார், ஒரு விரலை நீளமாக வைத்து மேலும் கீழும் நகர்த்தினால் மேஜர் மட்டும்தான் வரும். சாதாரணமாக சோகத்துக்கு மைனர் என்பார்கள். இங்கே எல்லாம் மேஜர், இருந்தும் கேட்பவருக்கு வயிற்றில் ஏதோ செய்கிறது, காரணம் அந்த பி-யும் ஏ-யும் அந்தச் சுருதிக்குள் இருக்கக்கூடாதவை. எங்கேயோ போய்விட்டு ஒட்டாமல் திரும்பி வருகின்றன, பாட்டின் ஆள் மாதிரியே. கடைசியில் அவர் வழக்கம்போல் ஏதாவது சொல்லிப் பாட இடம் விட்டிருந்தார்கள். அங்கே சீட்டியடித்தார். முதல் டேக் பிற்பாடு வெளிவந்திருக்கிறது, அதில் ஓடிஸ் கடற்பறவை மாதிரி கத்திக் காட்டுகிறார், சீட்டி சொதப்புகிறது, சீட்டியடித்துப் பிழைக்க உன்னால் முடியாது என்று எஞ்சினியர் கிண்டல் செய்வதும் கேட்கிறது. ஜிம் ஸ்டூவர்ட்டுக்கு இந்தப் பாட்டு பிடிக்கவில்லை, இது ஆர் அண்ட் பி இல்லை என்று நினைத்தார். ஓடிஸ் மட்டும் இது நம்பர் ஒன் ஆகும் என்று நம்பினார்.

அப்புறம் நடந்தது தெரிந்ததே. டிசம்பர் 9 கிளீவ்லாந்தில் நிகழ்ச்சி, மறுநாள் விஸ்கான்சின் மாநிலம் மேடிசனுக்குத் தன் சிறிய பீச்கிராஃப்ட் விமானத்தில் கிளம்பினார்கள், மோசமான வானிலை, இறங்குவதற்குச் சில நிமிடம் முன்பு மொனோனா ஏரியில் விழுந்தது. காரணம் என்ன என்று விசாரணையில் முடிவாகவில்லை. ஓடிஸோடு அவருக்குப் பின்னணி வாசித்த பார்-கேஸ் குழுவினர் நால்வரும், விமானியும், உதவியாளரும் இறந்தார்கள். பார்-கேஸ் பையன்கள் அந்த வருடம்தான் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள். டிரம்பெட் வாசிக்கும் பென் காலி மட்டும் இருக்கை மெத்தையைப் பிடித்துக்கொண்டு மிதந்து பிழைத்தார். விமானத்தில் இடமில்லாததால் பாஸ் வாசிக்கும் ஜேம்ஸ் அலெக்சாண்டர் வேறு விமானத்தில் வந்தார். இந்த இருவரும் சேர்ந்து குழுவைத் திரும்பக் கட்டினார்கள். 1969இல் ஐசக் ஹேஸின் 'ஹாட் பட்டர்டு சோல்' ஆல்பத்தில் வாசித்தது அந்தப் புதிய பார்-கேஸ்தான். நண்பர் செத்த துக்கத்தோடு க்ராப்பர் 'டாக் ஆஃப் தி பே' வேலையை முடித்தார், அலைச் சத்தத்தையும் பறவைச் சத்தத்தையும் சேர்த்தது அப்போதுதான். அந்த அலை ஓடிஸ் கேட்காத அலை.

ஸ்டாக்ஸுக்கு அடி அதோடு நிற்கவில்லை. அட்லாண்டிக் கம்பெனி அவர்களுடைய ரெக்கார்டுகளை விற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தது. அட்லாண்டிக் கைமாறியபோதுதான், 1965இல் ஜிம் ஸ்டூவர்ட் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் அதுவரையிலான எல்லா மாஸ்டர் டேப்புகளும், அதாவது மூலப் பதிவுகளும், அட்லாண்டிக்குக்கே சொந்தம் என்று இருந்தது தெரியவந்தது. ஓடிஸின் பாட்டுகள் உட்பட எல்லாம் போயிற்று. 1968 ஏப்ரல் 4 அன்று அதே மெம்ஃபிஸில் லொரேன் மோட்டலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டார், கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார முடிந்த இடம் என்பதால் ஸ்டாக்ஸ்காரர்கள் பாட்டு எழுதப் போகும் மோட்டல் அது. கம்பெனி மீண்டும் எழுந்தது, பிறகு 1975இல் திவாலானது, 1989இல் கட்டடத்தை இடித்தே விட்டார்கள். 2003இல் அதே இடத்தில் அருங்காட்சியகம் கட்டினார்கள், முன்பக்கம் பழைய தியேட்டர் மாதிரியே.

பாட்டுகளைப் பாதுகாத்ததில் மனைவி ஸெல்மாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 'ஐ ஹேவ் காட் ட்ரீம்ஸ் டு ரிமெம்பர்' பாட்டு அவர் எழுதிய கவிதையிலிருந்து வந்தது, கணவர் ஊர் ஊராகப் போயிருந்தபோது எழுதியது. ஓடிஸ் அதைக் கடைசி வாரங்களில் பாடிவைத்துவிட்டுப் போனார், 1968இல் வெளியானது. 2007இல் ஸெல்மா மேக்கனில் ஒரு அறக்கட்டளை தொடங்கி, பிள்ளைகளுக்கு இசை கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார்.

என்ன கேட்கலாம் என்று கேட்டதற்கு: முதலில் 'டெண்டர்னஸ்', இரண்டு தடவை, இரண்டாவது தடவை டிரம்ஸை மட்டும். பிறகு 'தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்', 'ஃபா ஃபா ஃபா', அப்புறம் 'ஓடிஸ் ப்ளூ' முழுசாக. மான்டரே வீடியோவை அதற்கு முன்னால் பார்க்காதீர்கள், பாட்டுகள் பழகியபின் பார்த்தால்தான் மேடையில் எங்கெங்கே மாற்றுகிறார் என்று தெரியும். கடைசிக் காலத்துப் பாட்டுகளுக்கு 'தி இம்மார்டல் ஓடிஸ் ரெடிங்'. 'ஓடிஸ் ப்ளூ'வைத் தேடும்போது ஒரு விஷயம்: மோனோ, ஸ்டீரியோ இரண்டும் கிடைக்கும், 'ஐ ஹேவ் பீன் லவிங் யூ டூ லாங்' இரண்டிலும் ஒன்றல்ல. மோனோவில் இருப்பது ஏப்ரலில் சிங்கிளாக வந்தது, ஸ்டீரியோவுக்காக ஜூலையில் மறுபடியும் பாடினார். ஸ்டீரியோ தெளிவாக இருக்கும், ஆனால் நான் மோனோவைத்தான் போடுவேன். 2008இல் வந்த சிறப்புப் பதிப்பில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன, கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.